‘சொதப்பலம்மா’ என்று கூப்பிடுகிறார்கள். பள்ளிக்குப் போகவே பிடிக்கவில்லை

வாசகியின் கடிதம், சுருக்கமாக: வயது 44. அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் 17 ஆண்டுகளாகத் தமிழாசிரியை. கடந்த பிப்ரவரியில் நடந்த ஆண்டு விழாவில் வரவேற்புரை இவர் பொறுப்பு. மேடையில் 78 வது வயதில் இருக்கும் முன்னாள் தலைமையாசிரியர் அமர்ந்திருக்கிறார். ‘மதிப்புக்குரிய முன்னாள் தலைமையாசிரியர் ஐயா அவர்களை’ என்று சொல்ல வேண்டிய இடத்தில், ‘மறைந்த முன்னாள் தலைமையாசிரியர் ஐயா அவர்களை வருக வருக’ என்று வாயில் வந்துவிட்டது. ஒரு நொடி அமைதி, பிறகு அரங்கமே சிரித்தது. பெரியவர் தன் முன்னால் இருந்த மைக்கில், “நான் இன்னும் இங்கதான்மா இருக்கேன்” என்றார். இவர் நான்கு முறை மன்னிப்புக் கேட்டார், தாளின் வரிசை கலைந்தது, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் பெயரை விட்டுவிட்டார்.

அந்த 22 நொடிக் காட்சிக்கு யாரோ சிரிப்புச் சத்தம் சேர்த்து, முன்னாள் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள். ‘தமிழம்மா’வாக இருந்தவர் ‘சொதப்பலம்மா’ ஆகிவிட்டார். ஏழு வாரம் ஆகியும் ஓய்வறைக்குப் போவதில்லை, மதிய உணவை வகுப்பறையிலேயே முடித்துக்கொள்கிறார், இரவு இரண்டு மணிக்கு விழித்தால் அந்தக் காட்சி ஓடுகிறது. சக ஆசிரியர் ஒருவர், “மனசுல இருக்கறதுதான் வாயில வரும், ஃப்ராய்டே சொல்லியிருக்கார்” என்றாராம். அண்ணன் மகள், “இது வெறும் ஃபோ பா, அத்தை” என்கிறாள். கணவர், “சின்ன விஷயம், விடு” என்கிறார். இவர் கேட்பவை: அந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள்? தகுதியற்றவள் என்றா? உள்மனதில் எனக்கு அவர்மேல் வன்மமா? போலீஸில் புகார் தரலாமா? மாறுதல் கேட்கலாமா? பெரியவர் வீட்டுக்குப் போகலாமா?

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கணவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனாலும் ஏழு வாரமாகத் தூக்கத்தைக் கெடுத்து, சோற்றைத் தனியாகத் தின்ன வைப்பது சின்ன விஷயம் அல்ல. நடந்த தவறு சின்னது. அதற்குப் பிறகு நீங்கள் பட்டுக்கொண்டிருப்பது பெரியது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசுவதால்தான் வீட்டில் அவருக்கும் உங்களுக்கும் பேச்சு ஒட்டவில்லை. அவர் மேடையைப் பற்றிப் பேசுகிறார், நீங்கள் இரவு இரண்டு மணியைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

முதலில் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். நீங்களும் அதைத்தான் முதலில் கேட்டிருக்கிறீர்கள், சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறீர்கள்.

சொதப்பல் என்றால் என்ன

சொதப்பு என்பது வினை. அதோடு ‘அல்’ சேர்ந்தால் சொதப்பல். உளறு, உளறல். கிறுக்கு, கிறுக்கல். சறுக்கு, சறுக்கல். இது தொழிற்பெயர் என்று எட்டாம் வகுப்புக்கு நீங்கள் ஆண்டுதோறும் நடத்துகிறீர்கள். தொழிற்பெயர் தொழிலுக்குப் பெயர், ஆளுக்குப் பெயர் அல்ல. கிறுக்கல் என்றால் தாளில் கிடப்பது. எழுதியவரைக் குறிக்க வேறு சொல் வேண்டும். உளறியதற்குப் பெயர் உளறல், உளறும் ஆளுக்கு உளறுவாயன் என்று தனிச் சொல் இருக்கிறது. உங்கள் விஷயத்திலும் பாருங்கள், ‘சொதப்பல்’ என்பதோடு ‘அம்மா’ என்று ஒட்டாமல் அது உங்கள் பெயராகவில்லை. ‘அவன் ஒரு சொதப்பல்’ என்று பேச்சில் சொல்வது உண்டுதான். அங்கே நடப்பது, ஒரு செயலின் பெயரைத் தூக்கி ஆள்மேல் ஒட்டுவது. ஒட்டினவர்கள் ஒரு முறைதான் ஒட்டினார்கள். நீங்கள் தினம் இரவு அதைத் தடவித் தடவி அழுத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். இந்தச் சொல்லை நாம் யாரைப் பற்றிச் சொல்கிறோம்? கடைசி ஓவரில் சொதப்பிவிட்டான் என்றால், முந்தைய ஓவர்களை ஒழுங்காகப் போட்டவனைப் பற்றி. ரசம் இன்றைக்குச் சொதப்பிவிட்டது என்றால், மற்ற நாளெல்லாம் ரசம் நன்றாக வைப்பவர் வீட்டில். நடை பழகும் குழந்தை விழுந்தால் சொதப்பினான் என்று யாரும் சொல்வதில்லை. நீச்சலே தெரியாதவர் தண்ணீரில் இறங்கவில்லை என்றாலும் சொல்வதில்லை. செய்யத் தெரியும், செய்திருக்க முடியும், அன்றைக்குக் கைகூடவில்லை என்ற மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் அந்தச் சொல் பொருந்துகிறது. ஆகவே அது ‘தகுதியற்றவள்’ என்ற பொருளைத் தராது. தகுதியை முன்னால் ஒப்புக்கொண்டுதான் அந்தச் சொல்லே வாயில் வருகிறது.

அதற்கு எல்லையும் உண்டு. தெரிந்தே செய்த தீமைக்கு அது பொருந்தாது. கையாடல் செய்தவர், ‘கணக்கில் கொஞ்சம் சொதப்பிவிட்டேன்’ என்றால் நாம் ஏற்பதில்லை. மருத்துவத் தவறால் ஓர் உயிர் போனபின் அதைச் சொதப்பல் என்று சொன்னால் கேட்பவர் மனம் கொதிக்கும். மேடையில் வேண்டுமென்றே ஒரு சமூகத்தை இழிவாகப் பேசிவிட்டு, எதிர்ப்பு வந்ததும் ‘வாய் தவறிவிட்டது’ என்பவர்களும் இதே சொற்களின் பின்னால்தான் ஒளிகிறார்கள். உங்கள் தவறு அந்த வகை அல்ல என்று உங்களுக்கும் தெரியும், அரங்கத்துக்கும் தெரியும். தெரிந்ததால்தான் சிரித்தார்கள். வேண்டுமென்று சொன்னதாக நினைத்திருந்தால் சிரிப்பு வந்திருக்காது, முணுமுணுப்பு வந்திருக்கும்.

நம் மொழியில் இந்தத் தவறுகளுக்கு ஒரு தட்டு நிறையச் சொற்கள் இருப்பது உங்களுக்கு உதவும், ஏனென்றால் எது நடந்தது என்று துல்லியமாகச் சொல்ல முடிகிறது. நாக்குப் புரண்டு வேறு சொல் வந்தால் வாய்தவறுதல். அதற்குப் பின் முகத்தில் தெரிவது அசடு வழிதல். எதையோ எதிர்பார்த்துப் போய் ஏமாந்து நிற்பது பல்பு வாங்குதல். பெருமை பேசிவிட்டு அடங்குவது மூக்குடைபடுதல். பிறர் வேண்டுமென்று நம்மைச் சிறுமைப்படுத்தினால் அது அவமானம். உங்கள் அண்ணன் மகள் சொன்ன ஃபோ பா என்ற பிரெஞ்சுத் தொடரின் நேர்ப்பொருள் ‘தவறான அடி’. ஆங்கிலத்தில் அதைச் சபை நாகரிகம் தவறுவதற்குச் சொல்கிறார்கள். அரசியல்வாதிகள் பொது இடத்தில் உளறினால் ஆங்கிலப் பத்திரிகைகள் காஃப் என்று எழுதும். அவள் சொன்ன சொல்லுக்கு நம்மிடம் சறுக்கல் இருக்கிறது. யானைக்கும் அடி சறுக்கும் என்பதிலும் அடிதான், அவர்கள் சொல்லிலும் அடிதான்.

ஆக, உங்களுக்கு நடந்தது வாய்தவறுதல். பிறகு மைக்கில் தடுமாறியதுதான் சொதப்பல். வாட்ஸ்அப்பில் சிரிப்புச் சத்தம் சேர்த்துப் பரப்பியது உங்களுக்குச் செய்யப்பட்ட அவமானம், அது நீங்கள் செய்ததல்ல. இந்த மூன்றையும் மூன்று வரியாக ஒரு தாளில் எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் எழுவாய் போட்டு எழுதுங்கள். முதலிரண்டில் எழுவாய் ‘நான்’. மூன்றாவதில் ‘அவர்கள்’. இப்போது உங்கள் மனம் மூன்றையும் சேர்த்து ‘நான் ஒரு சொதப்பல்’ என்று வினையே இல்லாத ஒரு வாக்கியமாக்கி வைத்திருக்கிறது. செய்ததை நினைத்து வருந்துவது ஒன்று, நானே மோசம் என்று குறுகுவது வேறொன்று. முதலாவதற்குச் செய்ய ஏதாவது இருக்கும். இரண்டாவதற்கு ஒளிந்துகொள்வதைத் தவிர வழி தெரியாது. வகுப்பறையில் தனியாகச் சாப்பிடுவது இரண்டாவதிலிருந்து வருகிறது.

‘மனசுல இருக்கறதுதான் வாயில வரும்’ என்பது

உங்கள் சக ஆசிரியர் சொன்னதற்கு ஓர் அடிப்படை உண்டு. அடக்கி வைத்த விருப்பங்கள் வாய்தவறல்களில் தலைகாட்டும் என்று உளப்பகுப்பாய்வை உருவாக்கிய சிக்மண்ட் ஃப்ராய்ட் 1901-ல் எழுதினார். சில தவறல்களுக்கு அது பொருந்தலாம். எல்லாத் தவறலுக்கும் அதுவே காரணம் என்று பேச்சுப் பிழைகளை ஆராயும் மொழியியலாளர்களும் உளவியலாளர்களும் இன்று ஏற்பதில்லை. பேசும்போது நாம் ஒவ்வொரு சொல்லாக உருவாக்குவதில்லை. வாய் ஒரு சொல்லில் இருக்கும்போது மூளை அடுத்த இரண்டு மூன்று சொற்களைத் தயார் செய்துவிடுகிறது. தயாராகும்போது அவற்றோடு பழக்கப்பட்ட சொற்களும் கூடவே எழுந்து வரும். அவற்றில் ஒன்று முந்திக்கொண்டால் அதுதான் வாய்தவறல்.

உங்கள் வாக்கியத்தையே பார்ப்போம். அடுத்து வரவேண்டிய சொல் ‘முன்னாள்’. தமிழ்ச் செய்தியில் ‘முன்னாள்’ என்ற சொல்லுக்கு முன்னால் நாம் வாழ்நாள் முழுவதும் கேட்டுக் கேட்டுக் காதில் படிந்தது எது? ‘மறைந்த முன்னாள் முதல்வர்’. அந்தத் தொடர் தனிச் சொல் போலவே இறுகிவிட்டது. நீங்கள் சொல்ல நினைத்த ‘மதிப்புக்குரிய’ என்பதும் ‘ம’வில் தொடங்குகிறது. போதாக்குறைக்கு, விழாவுக்கு நான்கு நாள் முன்புதான் பள்ளியின் பழைய எழுத்தர் காலமானதற்கு இரங்கல் செய்தி எழுதியதாகக் கடிதத்தின் நடுவே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ‘மறைந்த’ என்ற சொல் கையிலும் நாவிலும் சூடாக இருந்த வாரம் அது. முதலெழுத்து, பழகிய தொடர், அண்மையில் எழுதியது, மேடைப் பதற்றம் என்று நான்கும் ஒரே பக்கம் இழுத்திருக்கின்றன. இதில் வன்மத்துக்கு வேலையே இல்லை. அவர் உங்கள் பிரசவ விடுப்புக்காக அலுவலகத்தோடு வாதாடியவர் என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனதில் அவரைப் பற்றி என்ன இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

அவர்கள் கண்ணில் நீங்கள்

‘எல்லோரும் இன்னும் அதையே நினைக்கிறார்கள்’ என்று ஐந்து இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். கவனித்தார்கள் என்பது உண்மை. இன்னும் அதையே நினைக்கிறார்கள் என்பது உங்கள் ஊகம். 2001-ல் வெளியான ஓர் ஆய்வில், நூலகத்தில் தன்னால் எச்சரிக்கை மணி அடித்துவிட்டது, விருந்துக்குத் தான் மட்டும் பரிசில்லாமல் போய்விட்டது என்பது போன்ற சங்கடங்களைக் கற்பனை செய்யச் சொன்னார்கள். தவறு செய்தவர் இடத்தில் தம்மை வைத்துப் பார்த்தவர்கள், பிறர் தம்மை மிகக் கடுமையாக எடைபோடுவார்கள் என்றே கணித்தார்கள். பார்ப்பவர் இடத்தில் இருந்தவர்களோ அவ்வளவு கடுமையாக எடைபோடவில்லை. தவறியவருக்கு அந்த ஒரு நிமிடம் மட்டுமே கண்முன் நிற்கிறது. பார்ப்பவருக்கு அவரைப் பற்றி மற்றதெல்லாமும் தெரியும்.

உளவியலாளர் எலியட் அரான்சன் 1966-ல் செய்த சோதனை இன்னும் நெருக்கமானது. வினாடி வினாவில் 92 விழுக்காடு சரியாகப் பதில் சொன்ன ஒருவர், கடைசியில் காபியைத் தன்மேலேயே கொட்டிக்கொள்ளும் சத்தத்தை ஒலிப்பதிவில் கேட்கவைத்தார். கேட்டவர்களுக்கு அவரை முன்னைவிட அதிகம் பிடித்துப்போனது. சுமாராகப் பதில் சொன்னவர் கொட்டிக்கொண்டபோது அப்படி நடக்கவில்லை, பிடிப்பு குறைந்தது. எனவே சறுக்கல் எல்லோருக்கும் நல்லதே என்று நான் ஆறுதல் சொல்லப் போவதில்லை. ஒரு சறுக்கல் எப்படி எடுத்துக்கொள்ளப்படும் என்பது அதற்கு முன்னால் என்ன சேர்த்து வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. உங்களிடம் 17 ஆண்டு வகுப்புகள் இருக்கின்றன.

செய்ய வேண்டியவை

காட்சியை ஒரு முறை, பகலில், உங்கள் கணவரோ நெருங்கிய தோழியோ பக்கத்தில் இருக்கப் பாருங்கள். அதற்கு முன் தாளில் எழுதுங்கள்: நான் எத்தனை நொடி திகைத்து நின்றேன், குரல் எவ்வளவு நடுங்கியது, முகம் எவ்வளவு வெளிறியது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண் போடுங்கள். பிறகு ஒலியை நிறுத்திவிட்டு, முன்பின் தெரியாத ஓர் ஆசிரியையைப் பார்ப்பது போலப் பாருங்கள். மறுபடி மதிப்பெண் போடுங்கள். இரவில் ஓடும் காட்சியில் நீங்கள் பார்ப்பது உள்ளே இருந்து உணர்ந்த நடுக்கத்தை. வெளியே தெரிந்தது அதில் ஒரு பங்குதான். பதற்றச் சிகிச்சையில் இது வழக்கமாகக் கையாளும் முறை. முன்கூட்டி எழுதாமல் பார்த்தால் பலன் குறையும், பழைய பயத்தோடேதான் பார்ப்பீர்கள். ஒரு முறை போதும். இரவில் தனியாகத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டாம்.

இரவு விழிப்புக்கு: மாலை ஐந்தரைக்கு 15 நிமிடம், அந்த நிகழ்ச்சியை நினைப்பதற்கென்றே உட்காருங்கள். தோன்றுவதை எழுதுங்கள், நேரம் முடிந்ததும் நோட்டை மூடிவிடுங்கள். இரவு இரண்டு மணிக்கு அது வந்தால், ‘நாளைக்கு ஐந்தரைக்கு’ என்று சொல்லித் திருப்பி அனுப்பலாம். முதல் வாரம் அது போகாது. அந்த வாரத்திலேயே விட்டுவிடத் தோன்றும். நீங்கள் இரண்டு வாரமாவது விடாமல் செய்து பாருங்கள். இருபது நிமிடமாகியும் தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்து வேறிடத்தில் உட்காருங்கள். கைபேசி மட்டும் வேண்டாம்.

ஓய்வறைக்குத் திரும்புவதைப் படிப்படியாகச் செய்யுங்கள். முதல் வாரம் இரண்டு நாள், உங்களோடு நன்றாகப் பேசும் ஒருவர் இருக்கும் நேரமாகப் பார்த்து, பத்து நிமிடம். அடுத்த வாரம் முழு உணவு இடைவேளை. ‘என்ன சொதப்பலம்மா, சாப்பிட்டாச்சா’ என்று ஒருவர் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். சிரித்து மழுப்பவும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். “சாப்பிட்டாச்சு சார். என்னைப் பேர் சொல்லியோ தமிழம்மான்னோ கூப்பிடுங்க. இந்தப் பேர் பசங்க காதுலயும் விழுது, வகுப்புல எனக்குக் கஷ்டமா இருக்கு.” இதைத் தனியாக இருக்கும்போது, ஒரே மூச்சில், சாதாரணக் குரலில் சொல்லுங்கள். கேலி செய்பவர்களில் பலர் அது வலிக்கிறது என்று தெரியாமலே செய்கிறார்கள், ஏனென்றால் இதுவரை நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். சொன்ன பிறகும் தொடர்ந்தால் அது கேலி அல்ல, தொல்லை. அப்போது தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள்.

மைக்கிடமும் திரும்ப வேண்டும், ஆனால் ஆண்டு விழாவில் தொடங்க வேண்டாம். காலை வழிபாட்டில் திருக்குறளும் பொருளும், இரண்டு நிமிடம். பிறகு இலக்கிய மன்றக் கூட்டத்தில் நன்றியுரை. பிறகு வரவேற்புரை. ஒவ்வொரு படியையும் பதற்றம் பாதியாகும்வரை மூன்று நான்கு முறை செய்த பிறகே அடுத்ததற்குப் போங்கள்.

இப்போது நீங்கள் எல்லாவற்றையும் சொல்லுக்குச் சொல் எழுதி வைத்துக்கொள்வதாகச் சொல்கிறீர்கள். அது பாதுகாப்பு போலத் தோன்றும். உண்மையில் கண் தாளிலேயே இருக்கும், ஒரு வரி தவறினால் இடம் பிடிக்க முடியாது. அன்று கழகத் தலைவர் பெயர் விடுபட்டது அப்படித்தான். அதற்குப் பதில் ஆளுக்கொரு அட்டை போடுங்கள். உள்ளங்கை அளவு அட்டையில் மூன்று வரி: அடைமொழி, பதவி, பெயர். அடைமொழியை மட்டும் பெரிய எழுத்தில், வேறு மையில் எழுதுங்கள். அட்டைகளுக்கு எண் போட்டு, மூலையில் துளையிட்டு நூலில் கோத்துவிடுங்கள், கீழே விழுந்தாலும் வரிசை கலையாது. முந்தின நாள் அந்த அடைமொழியையும் பதவியையும் சேர்த்து ஐந்து முறை வாய்விட்டுச் சொல்லுங்கள். மனதுக்குள் படிப்பது நாக்குக்குப் பயிற்சி ஆகாது.

மறுபடி வாய்தவறினால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, ‘மன்னிக்கவும்’ என்று ஒரு முறை சொல்லி, சரியான சொல்லோடு வாக்கியத்தை முதலிலிருந்து சொல்வது. நான்கு முறை மன்னிப்புக் கேட்டால் அரங்கத்தின் கவனம் தவறின்மேலேயே நிற்கும், உங்கள் கவனம் தாளை விட்டுப் போய்விடும்.

வகுப்பில் பிள்ளைகள் முணுமுணுப்பதைப் பற்றி: இரண்டு மாதம் போகட்டும். மனம் கொஞ்சம் நிலைத்தபின், தொழிற்பெயர் பாடம் வரும்போது கரும்பலகையில் உளறல், கிறுக்கல், சறுக்கல் என்று எழுதும் வரிசையில் சொதப்பலையும் எழுதி, பகுதி விகுதி பிரிக்கச் சொல்லலாம். ஒரு சிரிப்பு வரும். சிரித்து முடித்ததும் பாடத்தைத் தொடருங்கள். உங்களைத் தாழ்த்திப் பேசி அவர்களைச் சிரிக்க வைக்கத் தேவையில்லை. எழுதும்போது கை நடுங்கும் என்று தோன்றினால் அந்தப் பருவத்தில் இதைச் செய்யவே வேண்டாம்.

பெரியவர் வீடு

போங்கள், ஒரே ஒரு முறை. போனில் மூன்று முறை மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. அவர் துணைவியார் “இருக்கட்டும்” என்று சொல்லிப் போனை வைத்ததுதான் உங்களை உறுத்துகிறது. அந்த அம்மாவின் இடத்திலிருந்து பாருங்கள். 78 வயதில் கணவர், சபையில் அந்தச் சொல். அறிவுக்கு அது தவறல் என்று தெரியும், அடிவயிற்றுக்குத் தெரியாது. அது உங்கள்மேல் கோபமாக இருக்க வேண்டியதில்லை, பயமாக இருக்கலாம். ஆகவே மன்னிப்பை அவரிடம் சொல்லுங்கள், ஐயாவிடம் அல்ல. “அம்மா, அன்னைக்கு என் வாயில வந்த சொல் உங்களுக்கு எவ்வளவு சங்கடமா இருந்திருக்கும்னு எனக்குத் தெரியும். மன்னிச்சுக்குங்க. ஐயா நல்லா இருக்கணும்.” அவ்வளவுதான். ஏன் நடந்தது என்ற விளக்கம் வேண்டாம், நீங்கள் தூங்காமல் இருப்பதைச் சொல்லவும் வேண்டாம். சொன்னால் அவர் உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும், மன்னிப்புக் கேட்கப் போனவர் ஆறுதல் வாங்கிக்கொண்டு வந்ததாகிவிடும். கொஞ்சம் பழம் வாங்கிக்கொண்டு, அரைமணி நேரம், பள்ளிக் கதை பேசிவிட்டு வாருங்கள். இறந்ததாகத் தவறான பேச்சு வந்தால் ஆயுசு கெட்டி என்று நம் ஊரில் சொல்வது உண்டு. அவர்களாகச் சொன்னால் மகிழ்ச்சி, நீங்கள் எடுக்க வேண்டாம்.

புகாரும் மாறுதலும்

கேலி செய்தார்கள் என்பதற்காக மட்டும் குற்றப் புகார் நிற்பது கடினம். இணையத்தில் மனம் நோகும்படி எதைப் போட்டாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் வழக்குப் போடலாம் என்று உங்கள் தம்பி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சிலேயே ரத்து செய்துவிட்டது. உங்கள் முகத்தை ஆபாசமாக மாற்றிப் போட்டாலோ, மிரட்டினாலோ, உங்கள் பெயரில் போலிக் கணக்கு தொடங்கினாலோ கதை வேறு. அப்போது தேதி தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்து வைத்து, தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ காவல் நிலையத்திலோ புகார் தரலாம். இப்போதைக்கு மூன்று வழி போதும்: குழுவின் நிர்வாகியிடம் காட்சியை நீக்கச் சொல்லி நேரில் கேட்பது, பள்ளி தொடர்பான குழுக்களில் பரப்பக் கூடாது என்று தலைமையாசிரியர் வழியாகச் சொல்ல வைப்பது, யூடியூப் போன்ற தளத்தில் ஏறியிருந்தால் அந்தத் தளத்திலேயே முறையிடுவது. 2021-ன் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஒவ்வொரு தளமும் குறைதீர்ப்பு அதிகாரி ஒருவரை வைத்திருக்க வேண்டும். சட்ட ஆலோசனை வேண்டுமென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவச உதவி உண்டு. ஒரு எச்சரிக்கை: போலீஸ் வந்தது என்ற செய்தியோடு அந்த 22 நொடி மறுபடி ஊரைச் சுற்றும். அதற்கும் தயாரென்றால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

மாறுதலைப் பற்றி, தூக்கம் சரியாகும்வரை எந்த முடிவும் வேண்டாம். புதுப் பள்ளியிலும் கைபேசி இருக்கும், யாராவது அந்தக் காட்சியைக் காட்டுவார்களோ என்ற பயமும் கூடவே வரும். இங்கே உங்களை 17 ஆண்டு அறிந்தவர்கள் அதைப் பார்க்கிறார்கள், அங்கே அதுதான் உங்கள் முதல் அறிமுகமாக இருக்கும். வீட்டுக்குப் பக்கம், பிள்ளைகள் படிப்பு என்று வேறு காரணம் முன்பே இருந்திருந்தால் அதைத் தனியாக யோசியுங்கள்.

ஒரு கேள்வி

‘சில ராத்திரி, பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்று இருக்கிறது’ என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். வெட்கம் தாங்காத நேரத்தில் எல்லோரும் சொல்வதுதான். ஆனாலும் கேட்கிறேன்: உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் உண்மையாகவே வருகிறதா? வந்தால், ஒரு முறை வந்தாலும், இன்றே உங்கள் கணவரிடம் அதே சொற்களில் சொல்லுங்கள். அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும், கட்டணமில்லாமல், தமிழில் பேசலாம். நீங்கள் வேலை செய்யும் பள்ளிக்கோ வேறு யாருக்குமோ அது தெரிய வேண்டியதில்லை.

அப்படி எண்ணம் இல்லை என்றாலும், மேலே சொன்னவற்றை நான்கு வாரம் செய்தும் தூக்கம் திரும்பவில்லை, வகுப்பறைக்குள் நுழையும்போது நெஞ்சு படபடக்கிறது, காரணம் சொல்லி விடுப்பு எடுக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கும். போகும்போது மாலை ஐந்தரை மணி நோட்டையும், காட்சியைப் பார்ப்பதற்கு முன்னும் பின்னும் போட்ட மதிப்பெண் தாளையும் எடுத்துச் செல்லுங்கள். எந்த நாள் எத்தனை மணிக்கு விழித்தீர்கள், எதைத் தவிர்த்தீர்கள் என்ற விவரம் அதில் இருந்தால், முதல் சந்திப்பிலேயே சிகிச்சையைத் தொடங்க அவருக்குப் பெரிய உதவி.